கயித்தைக் குடுக்காத

ஆகஸ்ட் பதினைந்துக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்கள் ஊராட்சிச் செயலர் என் கடைக்கு வந்தார். கடை என்றால் இ-சேவை மையம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், சுற்றும்போது கடகடவென்று பேசும் ஒரு மின்விசிறி. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்திக் கொடுத்தவள் நான்தான். அந்த நன்றியில்தான் உனக்கு ஓட்டே விழுந்தது என்று என் தோழி சொல்வாள். தலைவர் பதவியை அந்த முறை பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நான் நின்றேன், ஜெயித்தேன். ஜெயித்த பிறகும் மதியம் வரை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

செயலர் நின்றபடியே பேசினார். "பெரிய வீட்டு ஐயா சொல்லிவிட்டாருங்க. கொடி அவங்க வீட்டு பீரோலதான் இருக்குதாம். வழக்கம்போல அவரே வந்து ஏத்திடுறாராம். நீங்க பக்கத்துல நின்னா போதும்னாரு."

"சட்டப்படி யாருங்க ஏத்தணும்?"

"சட்டப்படி நீங்கதாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வழக்கப்படி அவருங்க" என்றார்.

பெரிய வீட்டு ஐயாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயதிருக்கும். ஆற்றுப் பாசனத்தில் ஊரின் பாதி நிலம் ஒருகாலத்தில் அவர்கள் வீட்டுடையது. அவருடைய அப்பா உப்புக் காய்ச்சப் போனவர்களோடு வேதாரண்யம் வரை நடந்து, திருச்சி ஜெயிலில் இருந்தவர். அதனால் அவர்கள் வீட்டில் சுதந்திரம் என்பது நிலம் மாதிரி, தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. கொடியை அவர் பீரோவில் வைத்துப் பூட்டியதில் ஆச்சரியமே இல்லை. ஜனவரியில் நான் பதவியேற்ற கையோடு குடியரசு தினம் வந்தது. அன்றும் அவர்தான் ஏற்றினார். நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இந்த முறை செயலர் சொல்லி முடித்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "நானே ஏத்துறேன்னு சொல்லிடுங்க. கொடியும் நானே கொண்டாரேன்னு சொல்லுங்க."

அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. பரீட்சை ஹாலில் வருமே, காரணமே இல்லாமல், அந்தச் சிரிப்பு. ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். ரேஷன் கார்டோடு வந்த ஒரு அம்மா, "என்னங்க பிரெசிடென்ட், நல்ல சேதியா?" என்று கேட்டுவிட்டு, பதில் தெரியாமலே அவரும் சிரித்தார்.

என் தோழியின் தையல் கடை என் கடைக்கு அடுத்த கதவு. பள்ளிவாசல் தெருக்காரி. வீட்டுக்காரர் குவைத்தில். ஊராட்சியில் அவளும் ஒரு வார்டு உறுப்பினர். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து எங்களுக்குள் வாடி போடிதான். சேதியைச் சொன்னதும் மிஷினை விட்டு எழுந்துவிட்டாள்.

"கொடி நான் எடுத்துத் தர்றேன்டி. கதர்க்கடையில. ஆனா நல்லதா எடுக்கணும். நிறம் சரியா இருக்கணும். சக்கரத்துல கம்பிய எண்ணிப் பாக்கணும், இருபத்தி நாலு இருக்கணும்."

"எவன்டி எண்ணப்போறான்?"

"உன் கொடிய எவனும் எண்ண மாட்டான். நான் தொட்ட கொடின்னா எண்ணுவான்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய கடையில் நுழைந்ததும் எதிரே தெரியும்படி ஒரு படம் மாட்டியிருக்கும். அவள் அத்தாவுடைய, அதாவது அப்பாவுடைய, தாத்தா. மலேயாவுக்குப் பிழைக்கப் போன இடத்தில் விடுதலைப் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கியவர். அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக, ஸ்டுடியோவில் எடுத்த படம். "இத ஏன் வீட்ல மாட்டாம கடையில மாட்டியிருக்கோம்னு நெனைக்கிற? நாலு பேர் வந்துபோற இடத்துல இருக்கட்டும்னுதான்" என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆகஸ்ட் பிறந்தால் அவர்கள் தெருவில் கொடித் தோரணம் கட்டுவார்கள். பெரிய வீட்டு வாசலில் ஒரு கொடிகூட இருக்காது. அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் தஞ்சாவூர் போய்க் கொடி வாங்கி வந்தாள். சக்கரத்தின் கம்பிகளை நிஜமாகவே எண்ணியிருந்தாள். கயிறு நுழைக்கும் ஓரப்பட்டி மெலிதாக இருக்கிறதென்று பிரித்து இரட்டைத் தையலாகத் தைத்தாள். மதியம் கடையை அரைக் கதவு சாத்திக்கொண்டு, கொடி கட்டுவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்தோம். ஜன்னல் கம்பிதான் எங்கள் கம்பம். துணி உலர்த்தும் கயிறுதான் கயிறு. நான் முடிச்சுப் போட்டு இழுத்தால் ஜன்னல் கதவு வந்து அவள் நெற்றியில் இடித்தது. இரண்டாம் முறை கொடிக்குப் பதிலாகக் கட்டியிருந்த ஜாக்கெட் துணி மேலே போகாமல் அவள் தலையில் விழுந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

அப்போதுதான் வீடியோவில் ஒருவர் சொன்னார். மேலே மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுப் பூ கொட்டப் பிரிப்பது குடியரசு தினத்துக்கு. சுதந்திர தினத்தன்று கீழேயிருந்து மேலே ஏற்ற வேண்டும், இல்லாத கொடி ஏறுகிறது என்று அர்த்தம்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பெரிய வீட்டு ஐயா?" என்றாள், விக்கலுக்கு நடுவே.

"எல்லா வருஷமும் பூதான் கொட்டிச்சு."

"அவங்கப்பா ஜெயிலுக்கே போனாருடி!"

அவ்வளவுதான். வெட்டுத்துணிக் குவியல் மேல் சாய்ந்து விழுந்து சிரித்தோம். வீடியோக்காரர் சொன்னது சரியா தப்பா என்று சரிபார்க்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அந்தச் சிரிப்பு செல்லுபடியாகவில்லை. அப்பா கொல்லையில் நாற்றங்காலுக்கு விதை ஊற வைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. பண்ணையாள் வீட்டில் பிறந்து, விவசாயக் கூலியாக வளர்ந்து, இப்போது ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வைத்திருப்பவர். சுதந்திர தினத்துக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

"சுதந்திரம் வந்தது நாப்பத்தேழுலதான? அன்னைக்கு எங்கப்பா பெரிய வீட்டு வயல்ல சேறு மிதிச்சாரு. மறுநாளும் மிதிச்சாரு. நாலு நாள் கழிச்சு பண்ணையில மிட்டாய் குடுத்தாங்களாம். எதுக்குங்கன்னு கேட்டதுக்கு, சுதந்திரம்டா, வாங்கித் தின்னுட்டு வேலையப் பாருன்னாங்களாம்."

"இப்ப நான்தானப்பா ஏத்தப்போறேன்."

"ஏத்து. யாரு வேணாம்னா? எனக்குத் தெரிஞ்ச கொடி ஒன்னுதான், அது செவப்பு. அது வந்த பிறகுதான் சவுக்கடியும் சாணிப்பால் குடிக்க வைக்கிறதும் நின்னுச்சு. அந்தத் தேதிய எவனும் காலண்டர்ல போடல." விதையை ஒருமுறை கிளறிவிட்டார். "பெரிய வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. கொடியே அவங்க பீரோலதான் இருக்காம். நான் வேற வாங்கிட்டேன்."

அப்பா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பதினைந்தாம் தேதி காலை எட்டரைக்கு ஊராட்சி அலுவலக வாசலில் நல்ல கூட்டம். பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசை, எங்கள் தெருப் பெண்கள் இதுவரை நின்றிராத முன்பக்கத்தில், பள்ளிவாசல் தெரு ஆட்கள் வெள்ளைச் சட்டையில். நான் ஒரு பட்டுப் புடவை கட்டியிருந்தேன். தோழி தைத்த ஜாக்கெட். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

பெரிய வீட்டு ஐயா கதர் சட்டை, கதர் வேட்டி, கைத்தடியோடு வந்தார். வரமாட்டார் என்றுதான் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். கையில் ஒரு மஞ்சள் பையும் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கம்பத்தில் வேறு கொடி ஏற்கெனவே கயிற்றில் கட்டியிருப்பதைப் பார்த்தார். பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, போட்டிருந்த நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"மூட்டை கட்டலயா? பூ இல்லையா?" என்று செயலரிடம் கேட்டார்.

"கீழேருந்தே ஏத்துறாங்களாம் ஐயா. அதுதான் மொறையாம்."

"யாரு சொன்னா?"

செயலர் என்னைப் பார்த்தார். நான் தோழியைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். நான் அவளை அதற்குமேல் பார்த்திருந்தால் அன்றைய தினம் அங்கேயே கெட்டுப்போயிருக்கும்.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கொடி விரிந்தபடி ஏறியது. ஒரு ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். சரியாகப் பாதிக் கம்பத்தில் நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. இறக்கப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை. மேலே இருந்த கப்பியில் கயிறு எங்கோ சிக்கியிருந்தது. இத்தனை வருடமும் மூட்டையை முதல்நாளே மெதுவாக ஏற்றி வைத்துவிடுவார்கள். காற்றில் விரிந்த கொடியின் இழுப்பை அந்தத் துருப்பிடித்த கப்பி அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறது.

கூட்டத்தில் யாரோ, "பாதியில நின்னா யாரோ பெரிய தலைவர் செத்துட்டாங்கன்னு அர்த்தம்ல?" என்றார்கள். இன்னொருவர், "யாரு செத்தது?" என்று பதறிக் கேட்டார்.

தோழி என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஏய், எவனோ போன்ல படம் எடுக்குறான்டி. பட்டி நான் தைச்சது. நாளைக்கி என்னையத்தான் கேப்பாங்க. இழுடி!"

"இழுக்கிறேன்டி, வரல!"

"அல்லாவே, சேந்து இழுப்போம்."

இருவரும் தொங்காத குறையாக இழுத்தோம். அப்போதுதான் பெரிய வீட்டு ஐயா முன்னால் வந்து கையை நீட்டினார். கோபமில்லை அவர் முகத்தில். கிட்டத்தட்டக் கனிவாகவே இருந்தது.

"குடும்மா. அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. நீ தள்ளிக்க."

கூட்டம் சட்டென்று அடங்கியது. கயிறு என் கையில். அவர் கை என் கைக்கு அரையடி தூரத்தில். கொடுத்திருந்தால் அவர் அரை நிமிடத்தில் ஏற்றியிருப்பார், எல்லோரும் கைதட்டியிருப்பார்கள், அடுத்த வருடமும் கொடி பீரோவுக்குள் போயிருக்கும். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்குள் இருந்தது வெறும் வியர்வைதான். சத்தியமாகக் கொடுத்துவிடத்தான் இருந்தேன். விரலைத் தளர்த்திவிட்டேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கயித்தைக் குடுக்காத!"

அப்பா. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். துவைத்த சட்டை போட்டிருந்தார். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்கே தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று தெரியாது போல, சைக்கிள் மணியை ஒருமுறை காரணமில்லாமல் அடித்தார்.

எனக்கு மறுபடியும் அந்தச் சிரிப்பு கிளம்பியது. வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. அதோடு பயம் போய்விட்டது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "ஐயா, பக்குவம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்க கம்பத்தத் தட்டுங்க. கயிறு எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டோரம் நின்ற அப்பாவைப் பார்த்தார். அவர்கள் இருவருக்கும் இடையே ஐம்பது வருடமாகப் பேச்சு உண்டு, ஆனால் அப்பா அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிட மாட்டார். முன்பு கூப்பிட்ட சொல்லை விட்டுவிட்டார், புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளவுமில்லை. ஐயா கைத்தடியை மாற்றிப் பிடித்து, கம்பத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்று மணி அடித்த மாதிரி சத்தம். இன்னொன்று. மேலே கப்பி கிறீச்சிட்டது. நாங்கள் இழுத்துக்கொண்டிருந்த விசைக்குக் கொடி ஒரே பாய்ச்சலாக உச்சிக்குப் போனது. நானும் தோழியும் பின்பக்கமாக மண்ணில் உட்கார்ந்துவிட்டோம்.

என்ன சத்தம் அன்று! பிள்ளைகள் வரிசையை விட்டுக் குதித்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். கொடியேற்றத்துக்குக் குலவை போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. தோழி மண்ணில் உட்கார்ந்தபடியே, கைப்பையிலிருந்து ஒரு ஜவுளிக் கவரை எடுத்தாள். உள்ளே கால் கிலோ ரோஜா இதழ். "பூ இல்லன்னா சனங்க ஏமாந்துருவாங்கன்னு வாங்கினேன்டி" என்று சொல்லி என் தலையிலேயே கொட்டினாள். எழுந்து நின்று வணக்கம் வைத்தபோது என் புடவையில் பாதி மண், பாதி ரோஜா. தேசிய கீதத்தை எவ்வளவு உயர்ந்த சுருதியில் எடுத்தேன் என்றால் பாதியில் பிள்ளைகள்தான் காப்பாற்றினார்கள்.

முடிந்ததும் பெரிய வீட்டு ஐயா, "கப்பிக்கு எண்ணெய் போடச் சொல்லு" என்று செயலரிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மிட்டாய் வாங்கிக்கொண்டார்.

அப்பாவிடம் ஓடினேன். "கொடி பாக்க வந்தீங்களாப்பா?"

"கொடிய என்னத்த பாக்குறது? எம்பொண்ணுகிட்டேருந்து கயித்தப் புடுங்குறாங்களான்னு பாக்க வந்தேன்." சொல்லிவிட்டு வாயைத் துடைக்கிற மாதிரி சிரிப்பைத் துடைத்தார்.

பிறகு தோழியின் ஸ்கூட்டியில் பள்ளிவாசல் தெருவுக்குப் பறந்தோம். வாய்க்காலில் மேட்டூர் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. குறுவைப் பயிர் இடுப்பளவு. பாலத்தின் மேல் அவள் திடீரென்று வண்டியை நிறுத்தி, "யாரு செத்தது?" என்று அந்த ஆள் பதறினதைப் போலவே கேட்டுக் காட்டினாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழும்வரை சிரித்தோம்.

அந்தத் தெருவில் தோரணம் வானத்தையே மறைத்தது. ஜமாத்துப் பெரியவர் ஒருவர் சுதந்திரத்துக்காக உயிர்விட்ட முஸ்லிம்களின் பெயர்களை வரிசையாகப் படித்தார். நீண்ட பட்டியல். தோழி என் காதில், "வருஷா வருஷம் இதே லிஸ்ட். சின்னதுலேருந்து மனப்பாடம்" என்றாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள், "நிறுத்துனா மறந்துருவாங்கன்னு பயம்." பெரிய வீட்டில் யாரும் பட்டியல் படிப்பதில்லை, அவர்கள் பெயர் பள்ளிக்கூடச் சுவரிலேயே கல்லில் இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பட்டியலே இல்லை. ரோஜா இதழை ஜாக்கெட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டே அதை நினைத்தேன். நினைப்பு கனமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று எதுவும் என் தலையில் தங்கவில்லை.

பதினோரு மணிக்குக் கிராம சபை. அப்பா அதற்கும் இருந்தார். தண்ணீர்த் தொட்டி, தெரு விளக்கு, நூறு நாள் வேலை என்று போய்க்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினார். எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, பிணத்தை நடவு வயலில் இறங்கித் தூக்கிப் போகிறோம், பாதை வேண்டும் என்றார். அந்த வயல் பெரிய வீட்டுடையது. ஐயா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தீர்மானம் எழுதிக்கவா?" என்று செயலர் என்னைக் கேட்டார்.

"எழுதுங்க."

"நான் வழிமொழியிறேன்" என்று தோழி முதலில் கையைத் தூக்கினாள். அவளுக்கு அந்தப் பாதையால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் கபர்ஸ்தான் ஊரின் மறுகோடியில். ஐயா கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். பிறகு தாசில்தார், சர்வேயர், கோர்ட்டு என்று இரண்டு வருடம் இழுத்து, பாதை வந்தது. கேட்டதில் மூன்றடி குறைவு. பிணம் தூக்குகிறவர்கள் இப்போது சேற்றில் இறங்குவதில்லை.

ஆனால் அன்று மதியம் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. சபை கலைந்து அப்பா சைக்கிளை எடுத்தார். சட்டையில் பள்ளிப் பிள்ளை யாரோ குத்திவிட்ட சின்னக் காகிதக் கொடி. தோழி அதைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டில் ஓடினாள்.

"அப்பா! நில்லுங்கப்பா! பச்சை மேல இருக்கு! தலைகீழாக் குத்தியிருக்காங்க!"

"இருக்கட்டும்மா, யாரு பாக்கப்போறா?"

"அய்யோ, நான் பாக்குறேன்ல!"

நடு ரோட்டில் சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு அப்பா நின்றார். அவள் குண்டூசியை வாயில் கவ்வியபடி கொடியைத் திருப்பிக் குத்தினாள். சட்டைக்கு அளவெடுக்கும்போது நிற்கிற மாதிரி, இரண்டு கைகளையும் லேசாக விரித்து, தாடையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் அப்பா. பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் நகரவில்லை.